சென்னையில் ஜூனியர் வக்கீலாக முதல் மூன்று வருடம்: எங்கே சேர்வது, எதைக் கற்பது

சட்டப் படிப்பை முடித்துவிட்டு "அடுத்து என்ன சார் செய்யறது?" என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் சொல்வதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம். வீட்டில் எனக்கு முன்னால் வக்கீல் யாரும் இல்லை. தாத்தா மட்டும் ஒரு வரப்புத் தகராறில் பிரதிவாதியாகப் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். 2011ல் வக்கீலாகப் பதிவு செய்து, அதாவது என்ரோல் ஆகி, பாரிமுனைக்கு வந்தபோது எந்த வாசல் வழியாக ஹைகோர்ட்டுக்குள் போக வேண்டும் என்றுகூட எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இது. அப்பாவே வக்கீலாக இருக்கிற பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நின்று வாதாடுவதுதான் வக்கீல் வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறோம். ஆனால் முதல் மூன்று வருடம் உங்கள் கையில் இருக்கப்போவது மூன்றே விஷயம்: கேஸ் கட்டு, தேதி, ஃபைலிங் கவுன்ட்டர். இந்த மூன்றும் கைவந்தவருக்கு வாதம் பின்னால் தானாக வரும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவை கைவராமல் பேச்சுத் திறமையை மட்டும் நம்பி வந்தவர்கள் பத்து வருடம் கழித்தும் ஜட்ஜ் கேட்கிற "எந்தப் பக்கம்?" என்ற ஒரே கேள்விக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

என்ரோல்மென்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலின் அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. கட்டணம் என்று யார் என்ன சொன்னாலும், 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய். அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. அதைத் தள்ளிப்போடாதீர்கள், என்ரோல் ஆன இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்துவிட வேண்டும். குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கிற) புத்தகம் உள்ளே கொண்டுபோகலாம் என்பதால் பலர் படிக்காமலே போய் உட்கார்ந்து, எந்தச் சட்டத்தில் எதைத் தேடுவது என்று தெரியாமல் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, கம்பெனியில் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து பிராக்டிஸை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிற்காலத்தில் அதுவே ஒழுங்கு நடவடிக்கையாக வந்து நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம், சீனியரைத் தேர்ந்தெடுப்பது. எல்லோரும் பெரிய பெயரைத் தேடிப் போகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் இருபது ஜூனியர் இருக்கிற சேம்பரில் இருபத்தொன்றாவது ஆளாகப் போய் நின்றால், உங்கள் கைக்குக் கட்டு வரவே ஒன்றரை வருடம் ஆகலாம். நான் சொல்வது இதுதான்: ஜூனியர் மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லாத, சிவிலும் கிரிமினலும் கலந்து செய்கிற, கீழ்க்கோர்ட்டுக்கும் போகிற ஒரு அலுவலகத்தைத் தேடுங்கள். தம்புச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் அப்படிப்பட்ட அலுவலகங்கள் மாடிக்கு மாடி உண்டு. சேருவதற்கு முன் அங்கே இப்போது இருக்கிற ஜூனியரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். டிராஃப்ட்டை சீனியர் திருத்தித் தருவாரா, இல்லை தானே டிக்டேட் செய்துவிடுவாரா? சாட்சி விசாரணைக்கு உங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறாரா? சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்? இந்த மூன்றாவது கேள்வியைத் தங்கைகள் கட்டாயம் கேளுங்கள், கூடவே அந்தக் கட்டடத்தில் பூட்டுப் போட்டுக்கொள்ளக்கூடிய கழிவறை இருக்கிறதா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் "இருந்து முடித்துவிட்டுப் போ" என்று சொல்கிற, வீட்டுக்குப் போக வழி என்ன என்று யோசிக்காத ஒரு அலுவலகத்தை என் கூடப் படித்த தோழி ஒருத்தி நாலே மாதத்தில் விட்டாள். அந்த அலுவலகத்தோடு தொழிலையும் சேர்த்தே விட்டுவிட்டாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். அவள் அளவுக்குக் குறுக்கு விசாரணைக் கேள்வி எழுதக்கூடியவர்கள் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். எனக்கு முதல் மாதம் கொடுத்தது மூவாயிரம். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் சேர்ந்த ரூம் வாடகை, பஸ் பாஸ், மெஸ் எல்லாம் போக ஊரிலிருந்து அம்மா அனுப்பினால்தான் மாதக் கடைசி ஓடும். 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் தலையிட்டு, சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று பார் கவுன்சிலுக்குச் சொன்னது. நல்ல காரியம், ஆனால் எனக்குத் தெரிந்த அலுவலகங்கள் பலவற்றில் அந்தத் தொகை இன்னும் வரவில்லை. அதனால் சேரும்போதே "மாதம் எவ்வளவு சார் தருவீங்க?" என்று மரியாதையாக, நேராகக் கேட்டுவிடுங்கள். உழைத்ததற்குக் கேட்கிறீர்கள், இதில் தலைகுனிய ஒன்றும் இல்லை. சேர்வதற்கு முன்பே ஒரு வருட வீட்டு வாடகைக்கு ஏதாவது ஏற்பாடு இருந்தால் மனசு நிதானமாக இருக்கும். அது இல்லாமல் வருகிறவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுக்கிறார்கள், சிலர் சட்டப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் எழுத வருகிறவர்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு வேலை இந்தத் தெருக்களில் எப்போதும் உண்டு.

ஃபைலிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தராதது இது. நான் முதன்முதலில் தனியாக ஃபைல் செய்த வழக்குரை சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆனது. பின்பக்கம் பென்சிலில் நாலு காரணம் எழுதியிருந்தார்கள்: ஆவணப் பட்டியலில் மூன்றாவது ஆவணத்துக்குத் தேதி இல்லை, வக்காலத்தில் வக்கீல் நல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டவில்லை, கோர்ட் ஃபீ எப்படிக் கணக்கிட்டது என்ற பாரா இல்லை, ஒன்பதாம் பக்கத்தில் கட்சிக்காரர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. கட்சிக்காரரோ திருத்தணிக்காரர். அந்த ஒரு கையெழுத்துக்காக அவர் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வந்தார். "பரவாயில்ல தம்பி" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஃபைல் செய்யப் போவதற்கு முன் கட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை பின்னோக்கித் திருப்புவேன், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, தேதி, பக்க எண் மட்டும் பார்ப்பேன். முன்னோக்கிப் படித்தால் கண் கதைக்குப் போய்விடும், பிழை தப்பிவிடும். இப்போது இ-ஃபைலிங் வந்துவிட்டது, ஸ்கேன் சரியாக இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்துகொண்டது, மற்றபடி ரிட்டர்ன் ஆகிற காரணங்கள் அதேதான்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அலுவலக குமாஸ்தா அண்ணன். சீனியருக்கே சில விஷயம் அவரைக் கேட்டால்தான் தெரியும். எந்த செக்‌ஷனில் கட்டு நிற்கிறது, சர்டிஃபைட் காப்பிக்கு எப்போது எழுதிப்போட்டால் எப்போது கிடைக்கும், பெஞ்ச் கிளார்க்கிடம் எந்த நேரத்தில் போய்க் கேட்க வேண்டும், இதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். வக்கீல் கோட் போட்டுவிட்டோம் என்று குமாஸ்தாவை ஏவுகிற ஜூனியர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, ஒரு மாதம் அவர் போகிற இடமெல்லாம் கூடவே போங்கள்.

அடுத்தது தேதி. செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் வருடமே உங்கள் மேஜைக்கு வரக்கூடியது. செக் திரும்பியதாக பேங்கிலிருந்து தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கம்ப்ளெயின்ட் போட வேண்டும். கம்ப்ளெயின்ட்டில் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் அந்த முதல் 30 நாளைத் தவறவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது. ஒருநாள் சாயங்காலம் சௌகார்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் மஞ்சள் பையிலிருந்து செக்கையும் பேங்க் மெமோவையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். மெமோவில் இருந்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். 29ஆவது நாள். சீனியர் ஊரில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதி, போனில் அவருக்குப் படித்துக் காட்டி, மறுநாள் காலையில் ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. கவுன்ட்டர் திறந்ததும் முதல் ஆளாக நின்று பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பையில் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அதனால்தான் சொல்கிறேன், கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கதையைக் கேட்பதற்கு முன்னால் காகிதத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள். கதை அரை மணி நேரம் காத்திருக்கும். கேஸ் டைரியில் ஒவ்வொரு கெடுவையும் ஒரு வாரம் முன்னாலேயே ஒருமுறை, அந்த நாளில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் எழுதுங்கள். போனில் அலாரம் வைத்தாலும் காகித டைரியை விடாதீர்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். ஹைகோர்ட்டில் ஆங்கிலம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, தீர்ப்பும் தமிழில் எழுதலாம். எழும்பூர், சைதாப்பேட்டை கோர்ட்டுகளில் போலீஸ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற இடத்தில் நல்ல தமிழ்தான் ஆயுதம். "நீங்கள் சொல்வது பொய் என்கிறேன்" என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு கேள்வியையும் சாட்சி ஆமாம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லும்படி கட்டுவது ஒரு வித்தை. வாரத்துக்கு ஒரு நாளாவது உங்கள் கேஸ் இல்லாவிட்டாலும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஆங்கிலத்துக்கு நான் செய்தது: அலுவலகப் பரணில் முடிந்துபோன பழைய கட்டுகள் இருக்கும், தினமும் ராத்திரி ஒன்றை எடுத்து வழக்குரையையும் எதிருரையையும் படித்துவிட்டு, நடந்ததைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் சொந்த ஆங்கிலத்தில் எழுதுவேன். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. பெரிய வார்த்தை ஒன்றும் வேண்டாம். சின்ன வாக்கியம், சரியான தேதி, சரியான பக்க எண், இது போதும்.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் காலத்தில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. 2024 ஜூலை 1லிருந்து மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முப்பது வருடம் பழைய சட்டப் பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்களும் உங்களைப் போலவே புதிதாகப் படிக்கிறார்கள். கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. பழைய 482 எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பது, புதிய 482 முன்ஜாமீன், ரத்துக்கு இப்போது 528. இந்த ஒப்பீட்டை முழுசாகத் தலையில் ஏற்றிக்கொண்ட ஜூனியரை எந்த அலுவலகமும் விடாது. அதே சமயம் 2024 ஜூலைக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும், அதனால் இரண்டையும் படித்தே ஆக வேண்டும்.

உடையில் ஒரு சின்ன விஷயம். கவுன் ஹைகோர்ட்டுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் கட்டாயம். கோடையில் கீழ்க்கோர்ட்டுகளில் கறுப்பு கோட் கட்டாயம் இல்லை. ஏப்ரல் மாதத்தில் சைதாப்பேட்டை வராண்டாவில் நின்றால் இதன் அருமை தெரியும். கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டை (பேண்ட்) மட்டும் கைவசம் இரண்டு ஜோடி இருக்கட்டும்.

கட்சிக்காரரிடம் பேசும்போது "ஜெயிச்சிடலாமா சார்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "ஜெயிச்சிடலாம்" என்று சொல்லாதீர்கள். நம் பக்கம் என்ன பலம், என்ன பலவீனம், எத்தனை வருடம் ஆகலாம் என்று சொல்லுங்கள். சிலர் எழுந்து வேறு வக்கீலிடம் போவார்கள், போகட்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை, அந்தப் பக்கமே போகாதீர்கள். கோர்ட் ஃபீக்காக வாங்கிய பணத்தை உங்கள் செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள், தனி உறையில் கேஸ் நம்பர் எழுதி வையுங்கள். நல்ல வக்கீல்கள் பெயர் கெட்டதை நான் பார்த்தது பெரும்பாலும் வாதத்தில் தோற்று அல்ல, இந்த உறை விஷயத்தில்தான்.

மூன்று வருடம் கழித்து வழி பிரியும். சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு மூன்று வருட பிராக்டிஸ் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் அவர்களுக்கும் இந்த மூன்று வருடம் வீண் இல்லை. தாங்கள் ஆஜரான தேதிகளையும் உத்தரவு நகல்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்தால் பின்னால் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம். தனியாகப் போகிறவர்கள் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து வாடகை கட்டுகிற அலுவலகத்தில் ஒரு மேஜை பிடியுங்கள். போகிற விஷயத்தை மற்றவர் வாய்வழியாக சீனியர் கேள்விப்படும்படி வைக்காதீர்கள், முதலில் அவரிடம் நேரில் சொல்லுங்கள். உங்களோடு வர விரும்புகிற கட்சிக்காரர் இருந்தால் பழைய வக்காலத்தில் சீனியரின் சம்மதக் கையெழுத்தை வாங்கிய பிறகே புது வக்காலத்து போடுங்கள். கட்டை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் அடுத்த வாய்தா தேதியையும் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குத்தி, உங்கள் இடத்துக்கு வருகிற ஜூனியரின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.