கோடு சரி, ஃபிரேம்தான் தப்பு: வீடியோவில் ஆஃப்சைடு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பையன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "அண்ணா, இதப் பாருங்க. க்ளியர் ஆஃப்சைடு." திரையில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. டிவியில் வருவது மாதிரியே அழகாகப் போட்டிருந்தான். ஸ்ட்ரைக்கரின் முழங்கால் ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் கோட்டைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தேன். பாஸ் கொடுத்தவனின் காலைவிட்டு அது ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்துகொண்டிருந்த அதே வேலை.

உள்ளூர் கால்பந்து அணிகளுக்கு மேட்சை வீடியோ எடுத்து, வெட்டி, கோச்சுகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றேதான் என்பதால் இதை எழுதுகிறேன். எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்திய எதிரணி ஆளையும் தாண்டிக் கோலுக்கு அருகே நிற்பதுதான் ஆஃப்சைடு நிலை, அதில் சும்மா நின்றால் குற்றமில்லை, த்ரோ-இன்னிலும் கோல் கிக்கிலும் கார்னரிலும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதெல்லாம் தெரியாதவர்கள் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். அதைத் தாண்டி வருவோம்.

பந்து காலைவிட்டுக் கிளம்பிய பிறகு நிறுத்துவது

சக ஆட்டக்காரர் பந்தை ஆடும் அல்லது தொடும் கணத்தில் ஸ்ட்ரைக்கர் எங்கே இருந்தார் என்பதுதான் ஆஃப்சைடு பற்றிய 11ஆம் விதியின் கேள்வி. அந்தக் கணம் எது என்பதையும் விதிப்புத்தகம் சொல்லிவிடுகிறது: கால் பந்தை முதன்முதலாகத் தொட்ட புள்ளி. கிளம்பிய புள்ளி அல்ல. (கோல்கீப்பர் கையால் எறியும்போது மட்டும் பந்து கையைவிட்டுப் போகும் கணத்தை எடுக்க வேண்டும். 2025-26 விதிகளில் சேர்த்தது அது.)

தெரிந்தும் ஏன் தப்பு வருகிறது? தொடுகிற ஃபிரேமில் பூட்ஸும் பந்தும் ஒன்றாகக் கலங்கி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. அடுத்த ஃபிரேமில் பந்து தனியாகப் பளிச்சென்று நிற்கும். கண் தெளிவான இடத்தைத்தான் தேடும், விரலும் அங்கேயே அழுத்திவிடும்.

ஒரே ஒரு ஃபிரேம்தானே என்பார்கள். கணக்குப் போடுங்கள். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் உள்ளே ஓடுகிறார், டிஃபெண்டர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வெளியே ஏறி வருகிறார். இருவருக்கும் நடுவே நொடிக்கு 10 மீட்டர். நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் ஒளிபரப்புக் கேமராவில் இரண்டு ஃபிரேமுக்கு இடையே 0.02 நொடி, அதாவது 20 செ.மீ. ஒரு சாண். அந்தப் பையனின் முழங்கால் நீட்டிக்கொண்டிருந்த அதே ஒரு சாண். போனில் பெரும்பாலும் 30 ஃபிரேம்தான். மூன்று ஃபிரேம் தள்ளி நிறுத்தினால் ஒரு மீட்டர் போய்விடும். நீங்கள் தாமதமாக நிறுத்தும் ஒவ்வொரு ஃபிரேமும் ஸ்ட்ரைக்கரைத்தான் முன்னால் தள்ளும். அவருக்குச் சாதகமாக ஒருநாளும் தவறாது.

இதில் நான் பட்டது இது. ஒரு அணிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். பத்தொன்பது வயது ஸ்ட்ரைக்கர், நல்ல ஓட்டக்காரன். ஒரு மேட்சில் அவனுக்கு மூன்று முறை லைன்ஸ்மேனின் ஆஃப்சைடு கொடி ஏறியது, அதில் ஒன்று கோல். கோச் என்னைக் கேட்டார். தண்ணீர்த் தொட்டி மேல் வைத்திருந்த போனில் எடுத்த வீடியோ. மூன்றையும் நிறுத்திக் கோடு போட்டு, படமாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "மூணுமே ஆஃப்சைடு சார். பையன் சீக்கிரம் கிளம்புறான்."

கோச் அவனை அரை அடி தாமதமாகக் கிளம்பப் பழக்கினார். அரை அடி தாமதமானதும் டிஃபெண்டர் எட்டிப் பிடித்துவிடுவான். கோல் நின்றது. பிறகு பெஞ்ச். பிறகு பயிற்சிக்கு வருவதே நின்றது. சீசன் முடிந்து பழைய கிளிப்புகளை ஒழுங்குபடுத்தும்போதுதான் கவனித்தேன். மூன்றில் இரண்டில் பந்து காலைவிட்டுக் கிளம்பி மூன்று ஃபிரேம் ஆகியிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் பையன் டிஃபெண்டருக்கு நேர்க்கோட்டில் நிற்கிறான். நேராக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. லைன்ஸ்மேனும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறார்: பாஸைப் பார்த்துவிட்டுக் கண்ணை இந்தப் பக்கம் திருப்பும் நேரத்தில் ஆள் ஓடிவிடுவான். அவருக்கு இருப்பது கண். என்னிடம் வீடியோவை நிறுத்தும் பட்டன் இருந்தது.

கோச்சிடம் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியே" என்றார். அவ்வளவுதான்.

பெரிய இடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. காலும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரமே ஏறக்குறைய 0.01 நொடி. 50 ஃபிரேம் கேமராவில் அந்தத் தொடுதல் இரண்டு ஃபிரேமுக்கு நடுவிலேயே நடந்து முடிந்துவிடலாம், அதாவது சரியான ஃபிரேம் என்று ஒன்று இல்லாமலே போகலாம். மில்லிமீட்டர் கணக்கில் தீர்ப்புச் சொன்னதை எல்லோரும் கேலி செய்த பிறகுதான் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2021-22இல் கோடுகளைத் தடிமனாக்கியது. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்ட்ரைக்கருக்குச் சாதகம். கத்தார் 2022 உலகக்கோப்பையில் ஃபிஃபா பந்துக்குள்ளேயே சென்சார் வைத்தது. அல் ரிஹ்லா என்ற அந்தப் பந்து நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கூரைக்குக் கீழே 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணக்கெடுத்தன. இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஆளைப் பார்ப்பதைவிடப் பந்து தொடப்பட்ட கணத்தைப் பிடிக்கத்தான் பத்து மடங்கு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

சென்சார் இல்லாத நாம் என்ன செய்யலாம்? ஸ்ட்ரைக்கர் இருக்கும் பாதித் திரையை ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள். நான் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறது. பாஸ் கொடுப்பவரை மட்டும் பெரிதாக்கி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, தொடும் ஃபிரேமைக் குறித்துக்கொண்ட பிறகே அட்டையை எடுக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரைப் பார்த்துக்கொண்டே ஃபிரேம் தேடினால், மனசு ஏற்கெனவே முடிவு செய்ததற்கு ஏற்ற ஃபிரேம்தான் கிடைக்கும். அப்படியும் சந்தேகம் இருந்தால் முந்திய ஃபிரேமிலும் கோடு போடுங்கள். இரண்டிலும் விடை வேறாக வந்தால் "சொல்ல முடியாது" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் யாரும் சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்கள்.

தப்பான டிஃபெண்டரைப் பிடிப்பது

2023 பிப்ரவரி 11, பிரீமியர் லீக்கில் பிரைட்டனுக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் ஆட்டம். பிரைட்டனின் எஸ்துபினியான் அடித்த கோலை வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உதவும் நடுவர் குழு, ரத்து செய்தது. பிறகு பார்த்தால் கோடு போட்டதே வேறு டிஃபெண்டரை வைத்து. அத்தனை கேமரா வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி.

நம் ஆட்கள் தடுமாறுவது கோல்கீப்பர் விஷயத்தில். விதி கேட்பது கடைசிக்கு முந்திய எதிரணி ஆட்டக்காரரை. வழக்கமாகக் கடைசி ஆள் கீப்பர் என்பதால் "கடைசி டிஃபெண்டர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2022 உலகக்கோப்பை முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்தில் ஈக்வடாரின் வலென்சியா தலையால் முட்டிப் போட்ட கோல் ரத்தானபோது பாதி உலகம் குழம்பியது இதனால்தான். கத்தார் கீப்பர் பந்துக்காக முன்னால் வந்துவிட்டார். ஆஃப்சைடில் மாட்டியவர் வலென்சியாவின் சக ஆட்டக்காரர் எஸ்ட்ராடா: அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு டிஃபெண்டர். கீப்பர் வெளியே வந்தாரா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

புல்வெளிப் பட்டையை நம்புவது

பட்டை போட்டவர் புல் வெட்டுகிறவர், அது கோல் கோட்டுக்கு இணையாக இருக்கும் என்று உறுதியில்லை. அளவுக்குப் பெனால்டி பாக்ஸ் கோட்டை வையுங்கள். அதற்கும் இணையாகக் கோடு இழுத்தால் போதாது. தண்டவாளம் தூரத்தில் சேருவது மாதிரி திரையில் எல்லாக் கோடும் ஒரு புள்ளியை நோக்கித்தான் சாயும்.

கையை அளப்பது

கை கணக்கில் இல்லை. அக்குளின் அடிமட்டத்தோடு தோள் முடிகிறது, அதற்குக் கீழே எல்லாம் கை. 2020 நவம்பரில் லீட்ஸின் பாம்ஃபோர்டு, பந்து எங்கே வேண்டும் என்று கை நீட்டிக் காட்டியபோது சட்டைக் கையுள்ள மேல்கையையும் கணக்கில் சேர்த்ததில் கோலே போனது.

மைதானத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் ஆரம்பிப்பது

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்-லிவர்பூல். லூயிஸ் டியாஸ் கோலடித்தார், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் கோடெல்லாம் சரியாகப் போட்டார்கள், ஆஃப்சைடு இல்லை என்றும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் ஃப்ரீ கிக்கோடு தொடர்ந்தது, அதன் பிறகு திரும்பிப் போக விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பிறகு நடுவர் அமைப்பே தவறை ஒப்புக்கொண்டு ஒலிப்பதிவை வெளியிட்டது.

அந்தப் பையனிடமும் இதைத்தான் முதலில் கேட்டேன். "கொடி ஏறிச்சா?"

"தெரியலண்ணா, நான் கிளிப்ப மட்டும்தான் பாத்தேன்."

ஒற்றைப் படத்தைக் குரூப்பில் போடுவது

போடாதீர்கள். கிளிப்பாக அனுப்புங்கள்.