ஆபீஸ்ல உள்ளவங்கள கல்யாணத்துக்கு விளிக்கணுமா, எப்படி முடிவு பண்ணுறது?

கல்யாணத்துக்கு தேதி குறிச்ச ஒடனே வீட்ல எல்லாரும் சொந்தக்காரங்க லிஸ்ட் எழுத ஒக்காந்துருவாங்க, அதுல பெரிய கொழப்பம் வராது, பேசாம இருக்க சித்தப்பாவையும் விளிச்சுதான் ஆகணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் ஆளுங்கன்னு வரும்போதுதான் பேனா நின்னுரும். எனக்கு 2 வருஷத்துக்கு முன்ன மார்த்தாண்டத்துல கல்யாணம், ஜோலி நாகர்கோவில்ல, செக்‌ஷன்ல என்னைய சேக்காம 11 பேரு. அதுல நான் பண்ணுன ஒரு தப்பு இப்பவும் மனச உறுத்துது, அதனாலதான் இத விரிவா எழுதுதேன்.

மொதல்ல, யார விளிக்கலாம்னு யோசிக்கதுக்கு முன்னாடியே அப்பா அம்மாகிட்ட ஆபீஸுக்கு எத்தன எலைன்னு கேட்டுருங்க. சமையல்காரர் எலை கணக்குலதான் பேசுவாரு, மண்டபத்துலயும் ஒரு பந்திக்கு இத்தன பேருன்னுதான் எடம். பத்திரிகையில குடும்பத்தோட வாங்கன்னு எழுதிட்டு 12 பேருக்கு 12 எலைன்னு கணக்கு போடாதீங்க, பக்கத்துல தக்கலை திங்கள்சந்தைல இருந்து வாறவங்க பிள்ளைங்க மாமியார்னு நாலு பேரா வருவாங்க, தூரத்துல உள்ளவங்க ஒத்தைக்கு வருவாங்க, ரெண்டையும் பாத்து பேர் பேரா எழுதி கூட்டுங்க.

எலை எத்தனன்னு தெரிஞ்சதும் அடுத்தது யாருக்குன்னு. நம்ம ஊர்ல விளிக்கதுன்னா என்ன, வீட்டு நடையில போயி நின்னு, பத்திரிகைய கையில குடுத்து, ஒரு சாயா குடிச்சுட்டு, கண்டிப்பா வந்துரணும்னு சொல்லுகதுதான. அதனால லிஸ்ட்ல உள்ள ஒவ்வொரு பேரையும் பாத்து, இவங்க வீட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழம பஸ் ஏறி போயி விளிக்க மனசு வருதான்னு கேட்டுப் பாருங்க. வருதுன்னா அவங்க ஒங்க ஆளு, வேற யோசன வேண்டாம், வேற பிராஞ்சுக்கு மாறிப் போயிருந்தாலும் விளிக்கணும். ஒங்க வீட்டு கல்யாணத்துக்கோ சாவுக்கோ வந்து நின்னவங்களும் இதே கணக்குதான், அவங்களுக்கு பத்திரிகை குடுக்கணுமான்னு யோசிக்கவே கூடாது. எங்க தாத்தா இறந்தப்ப ராத்திரி 11 மணிக்கு பைக்ல வந்து நின்ன ஒரு அண்ணன் இருக்காரு, அவருக்குத்தான் ஆபீஸ்ல மொத பத்திரிகை குடுத்தேன்.

மனசு வராத ஆளுங்கதான் மிச்சம், அங்கதான் கஷ்டம். இதுல என்னோட முடிவு என்னன்னா ஒரே ரூம்ல ஒக்காந்து ஜோலி செய்றவங்கள பாதி வெட்டாதீங்க. ரெண்டு மூணு பேர மட்டும் நெருக்கம்னு விளிச்சா மத்தவங்க புரிஞ்சுக்குவாங்க, ஆனா 11 பேர்ல 9 பேர விளிச்சுட்டு 2 பேர விட்டா அந்த ரெண்டு பேருக்கும் அது வெளிய தள்ளுன மாதிரி. நான் அதத்தான் செஞ்சேன். டெம்பரரியா டேட்டா என்ட்ரிக்கு வந்த ஒரு பிள்ளையையும், காலைல கூட்டித் தொடைக்க வாற அக்காவையும் விட்டுட்டேன், வேணும்னு இல்ல, எலை கணக்குல ஸ்டாஃப்னு எழுதும்போது அவங்க பேரு தோணவே இல்ல. கல்யாணம் முடிஞ்சு போனப்ப அந்த அக்கா எதுவும் கேக்கல, மாப்பிள எப்படி இருக்காருன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு காய்ச்சல் அடிச்சப்ப வீட்ல இருந்து கஞ்சியும் தொவையலும் கொண்டு வந்தது அவங்கதான். அதனால லிஸ்ட் எழுதும்போது சம்பள ரிஜிஸ்டர பாத்து எழுதாதீங்க, காலைல கதவ தொறக்க நேரத்துல இருந்து சாயங்காலம் பூட்டுக வரைக்கும் யார் மொகத்தையெல்லாம் பாக்குதோமோ அந்த வரிசையில எழுதுங்க, வாச்மேன், சாயா கொண்டு வாறவங்க எல்லாம் அதுல வந்துருவாங்க.

மேனேஜரு? ஒங்களுக்கு பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் செக்‌ஷன விளிக்கிறீங்கன்னா அவரையும் விளிச்சுருங்க, ரூமுக்குள்ள போயி கையில குடுங்க, ஆனா லீவ் லெட்டர அதே நாள் நீட்டாதீங்க, ரெண்டும் தனித்தனி விஷயம், லீவ முன்னாடியே கேட்டு வாங்கிருங்க.

சர்ச் கல்யாணம்னா இன்னொன்னு இருக்கு, 3 ஞாயிறு ஓலை வாசிப்பாங்க, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஆராதனைல எல்லாருக்கும் அறிவிப்பாங்க, ஆபீஸ்ல யாராவது அதே சபையா இருந்தா நீங்க சொல்லுகதுக்குள்ள விஷயம் பரவிரும், அதனால மொத ஓலைக்கு முன்னாடியே வாயாலயாவது சொல்லி வைங்க.

மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ ஜோலின்னா கணக்கு வேற. ட்ரெயின் டிக்கெட் 60 நாளுக்கு முன்னதான் தொறக்கும், 2024 நவம்பர்ல இருந்து அப்படித்தான், முன்ன 120 நாள் இருந்துச்சு. அதனால தேதிய ரெண்டரை மாசத்துக்கு முன்னாடியே சொல்லணும், பத்திரிகை பிறவு அனுப்பலாம். எழும்பூர்ல இருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் இருக்கு, ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கு, ரெண்டையும் சொல்லிக் குடுங்க. வாறவங்க எப்படியும் கன்னியாகுமரில விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பாக்கணும்னு ஆசப்படுவாங்க, கல்யாணம் கார்த்திகை மார்கழி பக்கம்னா ஐயப்ப பக்தருங்க கூட்டத்துல கன்னியாகுமரில ரூம் கெடைக்கது கஷ்டம், நாகர்கோவில்ல பாத்து வைங்க. பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கக்கிழம லீவு, அதையும் சொல்லிருங்க.

விளிக்க வழியே இல்லன்னா யாரையுமே விளிக்காம இருக்கது தப்பே கெடையாது. வீட்டோட சின்னதா வைக்குதோம், ஆபீஸ்ல யாரையும் விளிக்கலன்னு நேரா சொல்லிருங்க, வாட்ஸாப் குரூப்ல பத்திரிகைய மட்டும் போட்டுட்டு பேசாம இருக்காதீங்க, வரணுமா வேண்டாமான்னு தெரியாம அவங்கதான் முழிப்பாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ஆபீஸ்ல சேந்து கிஃப்ட்டுக்கு பணம் பிரிப்பாங்க, பிரிக்கிறவரு யாருன்னு பாத்து, விளிக்காதவங்க கிட்ட கேக்காண்டாம்னு தனியா சொல்லி வைங்க.

விளிச்சாச்சுன்னா வாறவங்கள பாத்துக்கணும். ஆபீஸ் ஆளுங்களுக்கு மண்டபத்துல யாரையும் தெரியாது, ஒங்களுக்கோ மேடைய விட்டு எறங்க முடியாது. ஒரு தம்பியையோ மச்சானையோ அவங்களுக்குன்னே நிறுத்துங்க. வேல நாள்ல கல்யாணம்னா அவங்க பர்மிஷன் போட்டுத்தான் வருவாங்க, தக்கலை டிராஃபிக் வேற இருக்கு, அதனால பந்தி பாக்கிறவருகிட்ட சொல்லி ஒரு வரிசைய அவங்களுக்கு பிடிச்சு வைங்க. வெளியூர்க்காரங்கன்னா பக்கத்துல ஒக்காந்து, போளிய பால் பாயசத்துல ஊற வச்சு சாப்பிடணும், எலைய விட்டு அவசரப்பட்டு எழும்பாண்டாம், இன்னும் பிரதமன் பாயசம் வரும்னு சொல்லிக் குடுக்க ஆளு வேணும்.

திரும்ப ஜோலிக்கு போற மொத நாள் முந்திரிக்கொத்தும் நேந்திரங்கா சிப்ஸும் கூடுதலா கொண்டு போங்க, விளிச்சவங்க விளிக்காதவங்கன்னு பாக்காம, வாசல்ல நிக்க வாச்மேன் அண்ணன்கிட்ட இருந்து குடுக்க ஆரம்பிங்க.