ஊடுபுள்ளிக் கோலம் ஏன் இழுத்த மாதிரி வருகிறது? புள்ளி வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் புதிதாகக் கோலம் பழகும் பிள்ளைகள் நாலைந்து பேராவது போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, எங்க தப்பு?" என்று கேட்பார்கள். இந்த முறை வந்த படங்களில் பாதிக்கு மேல், பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு. கோடு நன்றாக இருக்கிறது, மாவு சீராக விழுந்திருக்கிறது, ஆனால் கோலம் மட்டும் யாரோ மேலும் கீழும் பிடித்து இழுத்த மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

மாவு திட்டுத் திட்டாக விழுவது, கை நடுங்குவது, எண்ணிக்கையில் ஒரு புள்ளி தவறுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. தினமும் வாசலில் உட்கார்ந்தால் தை பிறப்பதற்குள் அவை தானாகச் சரியாகிவிடும். எத்தனை வருடம் போட்டாலும் தானாகச் சரியாகாத சில தப்புகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊடுபுள்ளிக்கு நேர்ப்புள்ளியின் இடைவெளி விடுவது

நாம் எல்லோரும் முதலில் பழகுவது நேர்ப்புள்ளியில். ஒரு புள்ளிக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி, நாலு புள்ளி சேர்ந்தால் ஒரு சதுரம். பக்கவாட்டில் இரண்டு அங்குலம் விட்டால் வரிசைக்கு வரிசையும் இரண்டு அங்குலம். கை இந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. அப்புறம் ஊடுபுள்ளிக்குப் போகிறோம், சில ஊர்களில் சந்துப்புள்ளி என்பார்கள். இங்கே இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கும் சந்துக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வர வேண்டும். அதைச் சரியாகவே வைக்கிறார்கள். வரிசைக்கு வரிசை இடைவெளி மட்டும் பழைய இரண்டு அங்குலமாகவே இருந்துவிடுகிறது.

ஊடுபுள்ளியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மூன்றைச் சேர்த்தால் முக்கோணம் வரும். அதன் மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் இடையே உள்ள தூரம் அந்த முக்கோணத்தின் உயரம், அது பக்கத்தைவிட எப்போதும் குறைவு. பக்கம் 2 அங்குலம் என்றால் உயரம் சுமார் 1.73 அங்குலம்தான். வித்தியாசம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு வரிசையில் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் நாம் போடுவது ஒரு வரிசை இல்லையே. பொங்கலுக்கு எல்லோரும் போடும் 15-8 ஊடுபுள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 15 புள்ளி, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை, மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. அகலம் 28 அங்குலம். உயரம் 24 அங்குலத்தைச் சற்றே தாண்ட வேண்டும், வரிசைக்கும் 2 அங்குலம் விட்டால் அதுவும் 28 ஆகிவிடும். கிட்டத்தட்ட நாலு அங்குலம் கூடுதல்.

ஒரு பொங்கலுக்கு முந்தின ராத்திரி நான் இந்த 15-8இல் ஆறு தாமரை போட்டேன். நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றி இந்த ஆறு தாமரை. இடது வலது தாமரைகள் குட்டையாகவும் பருத்தும் வந்தன, மேலே இரண்டும் கீழே இரண்டும் ஒல்லியாக நீண்டு நின்றன. ஆறு பூவுக்கும் நடுவில் 60 பாகை வர வேண்டிய இடத்தில் மேல் பூக்கள் இரண்டுக்கும் நடுவே 53தான் இருந்தது, பக்கத்தில் 63 ஆகிவிட்டது. இந்தக் கணக்கெல்லாம் பிற்பாடு போட்டுப் பார்த்தது. அன்றைக்கு எனக்குக் கோடுதான் கோணுகிறது என்று நினைப்பு. இதழை அழித்து அழித்துப் போட்டேன், நாலாவது தாமரை வரை போட்டும் புரியவில்லை. அம்மா வாசல் விளக்கைப் போட்டு ஏணிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "புள்ளியே நீட்டமா இருக்குடி" என்றார்கள். 169 புள்ளியையும் தண்ணீர் விட்டுக் கழுவி, தரை காய்ந்து மறுபடி முதல் புள்ளி வைக்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

கவனமாகப் போடுகிறவர்களும் இதில் ஏன் மாட்டுகிறார்கள் தெரியுமா? நாம் கீழே உட்கார்ந்து போடுகிறோம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பக்கவாட்டுத் தூரம் உள்ளபடி தெரியும், நம்மைவிட்டு விலகிப் போகும் தூரம் சுருங்கித் தெரியும். சரியாக வைத்த வரிசைகூட நெருக்கமாக வைத்தது போலத் தோன்றும். உடனே கை கொஞ்சம் தள்ளி வைக்கும். நாலு அடி உயரத்தில் ஒரு படியில் ஏறி நின்று பார்க்கும்வரை உங்கள் கண்ணை நம்பாதீர்கள்.

இதற்கு நான் இப்போது செய்வது இதுதான். துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவி, புள்ளி இடைவெளி எவ்வளவோ அந்த அளவுக்கு இரண்டையும் ஒடித்துக்கொள்வேன். கீழே உள்ள பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டின் மேல் ஒவ்வொரு குச்சியின் ஒரு முனையை வைத்து, மறு முனைகள் இரண்டும் தொடும் இடத்தில் அடுத்த புள்ளி. பழங்காலக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் தன் வடிவியல் நூலின் முதல் பாடமாக எழுதியது இதே சமபக்க முக்கோணத்தைத்தான், அவர் வட்டம் போட்டார், நாம் ஈர்க்குச்சி வைக்கிறோம். எல்லாப் புள்ளிக்கும் இப்படி அளக்க வேண்டாம், ஒவ்வொரு வரிசையிலும் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் போதும்.

கோடு இழுக்கும் முன்னால் ஒரு சோதனை. நடு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு நூல் பிடியுங்கள். அதே நூலை மேல் வரிசை இடது ஓரப் புள்ளியிலிருந்து கீழ் வரிசை வலது ஓரப் புள்ளிக்கு வையுங்கள். சரியாகப் பொருந்தினால் மாவை எடுங்கள். நூல் எட்டாமல் நின்றால் கோலம் நீண்டிருக்கிறது, அங்கேயே அழித்துவிடுங்கள். தயவுசெய்து "பரவாயில்லை, பூ போட்டால் தெரியாது" என்று தொடராதீர்கள். பூ போட்டால்தான் தெரியும்.

ஓரத்திலிருந்து புள்ளி வைப்பது

நடு வரிசை முதலில். அதிலும் நடுப்புள்ளி முதலில்.

எந்தக் கட்டத்திலும் ஒரே கோடாக வரும் என்று நம்புவது

சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும் என்று ஆசைப்படாதவர்கள் இல்லை. 5க்கு 5 நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோட்டைக் குறுக்கே விட்டு இழுத்தால், பாதிகூட முடியாமல் கோடு வந்து சேர்ந்துவிடும். கை தப்பு என்று நினைத்து அழிக்கிறார்கள். கை சரிதான், அந்தக் கட்டத்தில் ஐந்து தனித்தனிக் கோடுகள்தான் வரும். வரிசை எண்ணுக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், எதுவோ, அத்தனை கோடு. 4க்கு 6 வைத்தால் இரண்டு, 3க்கு 5 வைத்தால் ஒன்று, 4க்கு 5 வைத்தாலும் ஒன்று.

5க்கு 5தான் வேண்டுமென்றால் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவற்றை வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி நாலு இடத்தில் பார்த்துச் செய்தால் ஐந்தும் ஒரே கோடு. ஆனால் நாலே இடத்தில் மாற்றினால் கோலத்தின் நாலு பக்கமும் ஒரே மாதிரி வராது, அதற்கு இன்னும் சில இடங்களில் கை வைக்க வேண்டும். எனக்கு இந்த வேலைதான் கோலத்திலேயே ரொம்பப் பிடித்தது. 1974இலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் கணினித் துறையில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். வாசலில் அழித்து அழித்துப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

சாய்வாக எடுத்த படத்தைப் பார்த்துப் போடுவது

படியில் நின்று எடுத்த போட்டோவில் தூரத்து வரிசைகள் குறுகியிருக்கும். உருவத்தைப் பார்க்காதீர்கள், புள்ளியை எண்ணுங்கள்.

கலர் போட்டு மறைப்பது

மறையாது.

முனைப் புள்ளியில் அவசரப்படுவது

சிக்குக் கோலத்தின் நாலு முனையிலும் தனியாக நிற்கும் புள்ளியைச் சுற்றும் வளைவு முக்கால் வட்டம். வந்த கோடும் போகும் கோடும் செங்குத்தாக வெட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் முனைப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சரியாக நடுவில். பிள்ளைகள் சீக்கிரம் திரும்பிவிடுகிறார்கள், வளைவு மாவிலை மாதிரிக் கூர்ந்துவிடுகிறது. வெட்டும் இடத்தைத் தாண்டும்வரை கோட்டை நேராகவே விடுங்கள், அதன் பிறகு மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையோடு சுற்றுங்கள். நாலு முனையும் ஒரே அளவில் வரும்வரை உள்ளே உள்ள வளைவுகளைத் தொடாமல் இதை மட்டுமே நோட்டில் பழகினாலும் சரி.