“பிளாஸ்டிக்தான மாமா?”: பனிச்சறுக்குப் பலகையில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாசியில் காஷ்மீரின் குல்மார்க் போன என் தங்கை மகன், அங்கே ஒரு ஜோடி பழைய பனிச்சறுக்குப் பலகை வாங்கிவந்து பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் போட்டுவிட்டான். கேட்டால், “அடியில பிளாஸ்டிக்தான மாமா, அதுக்கு என்ன ஆகப் போவுது?” என்றான். முதல் தவறே இந்த நினைப்புதான்.

முன்பெல்லாம் பலகை முழுக்க மரம். அடியில் பைன் மரத் தார் பூசுவார்கள். பூச்சு போனால் மரம் ஈரம் குடிக்கும், ஓரம் மழுங்கும். வண்டிச் சக்கரத்துக்கு நாம் இரும்புப் பட்டா போடுவது போல, ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் ஓரத்தில் எஃகு விளிம்பு பதித்து 1926-இல் காப்புரிமை வாங்கினார். அடிப்பாகத்துக்குப் பாலிஎத்திலீன் வந்தது 1950-களில்.

அதிலும் இரண்டு ரகம் உண்டு. உருக்கிப் பிதுக்கிய ரகம் மலிவு. கீறலை அடைப்பதும் சுலபம், ஆனால் சீக்கிரம் தேயும். ‘சின்டர்டு’ ரகத்தில் பாலிஎத்திலீன் தூளைச் சூட்டில் அழுத்திக் கட்டியாக்கி, கோவில்பட்டிப் பக்கம் தீக்குச்சிக்கு மரம் உரிப்பார்களே, அப்படி மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பார்கள். இது தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அதனால், வழுக்குவதற்காக அடியில் பூசும் மெழுகு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். மெழுகை அதிகம் உறிஞ்சுவதும் இதுதான்; அது வற்றினால் விளிம்போரம் வெளுத்துப்போகும், வழுக்கலும் குறையும்.

மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறியதும் மிச்சத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பெரிய தவறு இந்தச் சூட்டில்தான் நடக்கிறது. துணிக்கான இஸ்திரிப்பெட்டியின் சூடு ஏறி இறங்கும். பாலிஎத்திலீனோ சுமார் 130 டிகிரியிலேயே இளகிவிடும். மெழுகு புகைந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுங்கள். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. ஒருமுறை கருகிய மேற்பரப்பு மெழுகைச் சரியாக ஏற்காது, கல்லில் தேய்த்துத்தான் நீக்க வேண்டும். அடிப்பாகத்தின் கனமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், எத்தனை தடவை தேய்ப்பீர்கள்?

கறுப்பு நிறம் என்றால் உறுதி என்று நம்பி வாங்குவதும் தவறு. அது கிராஃபைட் போன்ற கரி சேர்ப்பதால் வருவது. நிலைமின்னூட்டத்தைக் குறைத்து வழுக்கலைக் கூட்டத்தான் அதைச் சேர்க்கிறார்கள்.

சரி, பரணுக்கு வருவோம். ஐப்பசி அடைமழை முடிந்து இறக்கிப் பார்த்தால் விளிம்பு நெடுகத் துரு. துடைத்து உலர்த்தி, அடியிலும் விளிம்பிலும் மெழுகைக் கெட்டியாகப் பூசி, சுரண்டாமல் வைத்திருந்தால் வந்திருக்காது. இப்போது துருவை எடுத்துவிட்டு அப்படித்தான் பூசி வைத்திருக்கிறோம். அடுத்த குளிருக்குக் கிளம்பும்போது சுரண்டினால் போதும்.