சென்னையில் உதவி இயக்குநராகச் சேர: யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, கையில் என்ன இருக்க வேண்டும்

சினிமாவில் சேர வேண்டும் என்று சென்னைக்கு வருகிறவர்களில் பலர் முதல் வாரமே ஒரு பெரிய இயக்குநரின் அலுவலக வாசலில் போய் நிற்கிறார்கள். மாதக்கணக்கில் நின்றாலும் அங்கே கதவு திறப்பது அரிது. ஆள் தேவைப்பட்டால் இயக்குநர் தனக்கு அடுத்த நிலையில் இருக்கும் கோ-டைரக்டரிடம் "ஒரு பையன் வேணும், பாரு" என்பார். கோ-டைரக்டர் தனக்குக் கீழே, உதவி இயக்குநர்களுக்கு மேலே இருக்கும் அசோசியேட் டைரக்டரிடம் சொல்வார். அசோசியேட் தன் ரூமில் இருப்பவரையோ, போன குறும்படத்தில் கூட ஓடியவரையோ கூப்பிடுவார். வேலை இப்படித்தான் கைமாறுகிறது. அதனால் உங்களைவிட ஒரு படி மேலே இருப்பவருக்கு முதலில் தெரிந்தவராகுங்கள்.

தங்குவதற்கு வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கம் பாருங்கள். டிஸ்கஷன் (இயக்குநரும் குழுவும் உட்கார்ந்து கதை பேசுவது) நடக்கும் அலுவலகங்கள், எடிட்டிங் அறைகள், டப்பிங் தியேட்டர்கள் நிறைய இருப்பது இங்கேதான். "அரை மணி நேரத்துல வர முடியுமா?" என்று போன் வந்தால், முடியும் என்று சொல்லும் தூரத்தில் இருக்க வேண்டும். தாம்பரத்தில் வாடகை குறைகிறது என்று அங்கே தங்கினால் அந்த வாய்ப்பு பக்கத்துத் தெருக்காரருக்குப் போய்விடும். தனி அறை வேண்டாம். ஏற்கெனவே உதவி இயக்குநர்கள் இருக்கும் ரூமில் ஒரு பங்கு கிடைத்தால் அதுவே பாதி அறிமுகம்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் இல்லாமல் கிளம்ப வேண்டாம். படம் உறுதியான பிறகும் டிஸ்கஷன் காலத்தில் பல இடங்களில் சம்பளம் இருக்காது. ஷூட்டிங் தொடங்கினால்தான் பேட்டா, அதாவது தினப்படி, வரும். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய் என்பது பலரின் முதல் வருடத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கையில் வேலை வேண்டுமென்றால் பகலில் நேரம் விடுகிற வேலையாகப் பாருங்கள்: கல்யாண வீடியோ எடிட்டிங், சப்டைட்டில், இரவு நேர டெலிவரி. காலை முதல் மாலை வரை கட்டிப்போடும் வேலை எடுத்தால் சினிமாவுக்கு மிச்சமாவது ஞாயிறு மட்டும்தான்.

இனி, கைவசம் இருக்க வேண்டிய திறமைகள். "எனக்கு சினிமா மேல வெறி சார்" என்பதைக் கேட்டுக் கேட்டு சினிமா அலுவலகங்களில் இருப்பவர்களுக்குக் காது புளித்துவிட்டது. அதே இடத்தில் "தமிழ் டைப்பிங் தெரியும், பைக் இருக்கு, லைசென்ஸ் இருக்கு" என்பவரை உட்காரச் சொல்வார்கள். ஒரு டிஸ்கஷன் அறையில் முதலில் தேவைப்படுவது இயக்குநர் பேசப் பேசத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆள். தமிழ்99 அல்லது ஒலியியல் விசைப்பலகை, எது வசதியோ அதில் தினமும் ஒரு மணி நேரம் பழகுங்கள். யூனிகோடிலேயே அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது எழுத்தெல்லாம் குழம்பிவிடும்.

அடுத்தது சீன் பிரேக்டவுன், அதாவது ஒரு காட்சியை எடுக்க என்னென்ன வேண்டும் என்று பிரித்துப் பட்டியலிடுவது. கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு கதையிலிருந்து ஒரு காட்சியை எடுத்து எக்செலில் பிரித்துப் பழகுங்கள். டீக்கடைக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். சீன் எண், உள்ளா வெளியா, பகலா இரவா, பேசுகிற கதாபாத்திரங்கள் மூன்று, டீ மாஸ்டர் ஒருவர், கூட்டத்துக்கு ஆறு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், பின்னால் நிற்க இரண்டு பைக், கண்ணாடி கிளாஸ் ஒரு டஜன், ஒரே தேதியிட்ட செய்தித்தாள் மூன்று பிரதி. ஏன் மூன்று? ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு டேக்; முதல் டேக்கில் நடிகர் கசக்கிவிட்டால் அடுத்த டேக்குக்குப் புதிது வேண்டும். இந்தக் "ஏன்" தெரிந்து எழுதியிருந்தால், ஷீட்டைப் பார்க்கும் அசோசியேட்டுக்கு உங்களைப் பற்றி வேறு சான்று தேவைப்படாது.

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கன்டினியூட்டி. இதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சீன், ஷாட், டேக் எண், எந்த டேக் ஓகே, லென்ஸ், உடை எண், கையில் இருக்கும் பொருள், மாறிப்போன வசனம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஷாட் முடிந்த நிலையை போனில் படமெடுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. கிளாஸில் டீ எந்த அளவில் இருந்தது, வாட்ச் எந்தக் கையில், சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்ததா, எந்த வார்த்தை வரும்போது எழுந்தார்: தவறுவது இவைதான். காலையில் வைட் (தள்ளி நின்று முழு இடத்தையும் காட்டும் ஷாட்) எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளோசப் எடுக்கும்போது நடிகர் கையை மடித்துவிட்டிருப்பார். கவனிக்க வேண்டியது நீங்கள். ஓகே டேக்கைத் தப்பாகக் குறித்தால், எடிட்டிங் அறையில் உதவி எடிட்டர் ஒவ்வொரு டேக்கையும் ஓட்டிப் பார்த்து உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்.

சீன், ஷாட், டேக் எண் எழுதிய போர்டை கேமரா முன் காட்டி கிளாப் அடிப்பது சுலபம் போலத் தெரியும். போர்டு ஃபோகஸில் இருக்க வேண்டும், குளோசப்பில் முகத்தருகே மெதுவாக அடிக்க வேண்டும், அடித்தவுடன் நடிகரின் பார்வைக் கோட்டை விட்டு விலக வேண்டும். தொடக்கத்தில் அடிக்க முடியாத ஷாட்டுக்கு முடிவில் போர்டைத் தலைகீழாகக் காட்டி அடிப்பார்கள். அடுத்த டேக்குக்கு எண்ணை மாற்ற மறப்பது எல்லோரும் செய்யும் முதல் தப்பு. "கட்" சொன்ன நொடியிலேயே மாற்றிவிடப் பழகுங்கள்.

இதையெல்லாம் எங்கே பழகுவது? மாணவர் படங்களில். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம், சாலிகிராமத்தில் எல்.வி.பிரசாத் அகாடமி, நுங்கம்பாக்கம் லயோலாவின் காட்சித் தொடர்பியல் துறை ஆகிய இடங்களின் மாணவர்கள் படமெடுக்கும்போது ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. சம்பளம் இருக்காது, சாப்பாடு இருக்கும். இரண்டு படத்தில் வேலை செய்தால் ஒரு கேமராமேன், ஒரு எடிட்டர், ஒரு சவுண்ட் ஆள் என மூன்று துறையில் உங்கள் வயதுக்காரர்கள் பழக்கமாவார்கள். இவர்கள்தான் நாளை உங்கள் பெயரை ஒரு கம்பெனியில் சொல்லப்போகிறவர்கள். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பிரதிநிதி பாஸ் வாங்குவதும் நல்ல செலவு. ஒரே வரிசையில் ஒரு வாரம் நின்றால் முகம் பழகிவிடும்.

பெயர்ப் பட்டியல் தயாரிக்க ஒரு வழி உண்டு. கடந்த இரண்டு வருடத்தில் வந்த, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த 15 படங்களின் டைட்டில் கார்டை ஓடிடியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோ-டைரக்டர், அசோசியேட், உதவி இயக்குநர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அசோசியேட்டாக இருந்தவர் சொந்தப் படம் தொடங்கும்போது அவருக்குப் புதிய குழு வேண்டும். அவர் விட்டுப்போன இடமும் காலியாகும். முதல் பட இயக்குநர்களைத் தேடுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான். பெரிய குழுவில் எட்டாவது ஆளாக இருப்பதைவிட, சின்னப் படத்தில் மூன்றாவது ஆளாக இருந்தால் இரட்டிப்பு வேலை தெரியவரும்.

தொடர்பு கொள்ளும்போது வேலை கேட்காதீர்கள். "வாய்ப்பு இருக்கா சார்?" என்றால் "இப்போ இல்லப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் சார். என் ஊர் திண்டுக்கல், இப்போது சாலிகிராமத்தில் இருக்கிறேன். இரண்டு மாணவர் படங்களில் கன்டினியூட்டி பார்த்திருக்கிறேன். தமிழ் டைப்பிங் தெரியும். உங்கள் படத்தின் சந்தைக் காட்சியில் அவ்வளவு கூட்டத்தை எப்படிப் பிரித்து நிறுத்தினீர்கள் என்று பத்து நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன்."

தன் உழைப்பைக் கவனித்துக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லத் தோன்றும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். காலை ஏழு மணிக்குக் கூப்பிடாதீர்கள். நேரில் போனால் ஒரு பக்க பயோடேட்டா போதும். முழுத் திரைக்கதையை நீட்ட வேண்டாம். நீங்கள் வேலைக்கு வந்தீர்களா கதை விற்க வந்தீர்களா என்ற குழப்பம் அவர்களுக்கு வரும். அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அண்ணனிடம் மரியாதையாகப் பேசுங்கள். இயக்குநர் எப்போது வருவார், எப்போது நல்ல மனநிலையில் இருப்பார் என்று அவருக்குத்தான் தெரியும்.

காலமும் முக்கியம். ஷூட்டிங் தொடங்கிய பிறகு ஆள் எடுப்பது அபூர்வம். படத்தின் தொடக்க பூஜைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு, டிஸ்கஷன் நடக்கும்போது போக வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பூஜை போடத் தயங்குபவர்கள் அதிகம். ஆவணியிலும் தையிலும் தொடங்கப்போகும் படங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும்தான் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போய்விடாதீர்கள்.

பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். "சங்க கார்டு வாங்கித் தர்றேன்", "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்", "ஆடிஷன் கட்டணம்", எல்லாமே மோசடியின் வாசல். சங்கத்தில் சேர விதியும் கட்டணமும் என்ன என்பதை இயக்குநர்கள் சங்க அலுவலகத்திலேயே நேரில் கேட்டு, ரசீதோடு அங்கேயே கட்டுங்கள். பெண்கள் முதல் சந்திப்புக்குப் பகலில், அலுவலகத்துக்கு மட்டும் போங்கள். ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டால் மறுக்கத் தயங்காதீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேரும் நாளிலேயே மேனேஜரிடம் கேட்கலாம்.

படம் கிடைத்த பிறகு ஒரு விஷயம் பலருக்குத் தப்பிவிடுகிறது. டைட்டில் கார்டுக்குப் பெயர்ப் பட்டியல் கடைசி நேரத்தில், அவசரத்தில் தயாராகும். பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். எல்லோருடைய பெயர் எழுத்துகளையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், அவரவரிடமே போனில் கேட்டுச் சரிபாருங்கள். உங்கள் பெயரும் விடுபடாது. சினிமாவின் 24 துறைகளிலும் ஒவ்வொருவரோடும் ஒருமுறை நேரடியாகப் பேசியிருப்பீர்கள். எல்லோருடைய எண்ணும் உங்கள் போனில் இருக்கும்.