பேஸ் கிட்டார்: குமிழைத் திருகும் முன் வலது கையைப் பழக்குங்கள்

அலெம்பிக், சடோவ்ஸ்கி, ஃபோடெரா மாதிரி உயர்ரக பேஸ் கிட்டாரை முதல்முறை வாசிக்கும்போது பலருக்கும் ஏமாற்றம்தான் வரும். விரல் கம்பியில் உரசுவது, தொடாத கம்பி தானாக அதிர்வது, ஒரு நோட் ஓங்கியும் அடுத்தது அமுங்கியும் வருவது எல்லாம் பளிச்சென்று கேட்கும். இந்தக் கருவிகள் எதையும் மறைக்காது. அதனால் இவற்றில் நல்ல ஒலி வேண்டுமென்றால் கையில்தான் ஆரம்பிக்க வேண்டும். இருப்பது சாதாரண பேஸ் என்றாலும் இதே வரிசையில் பழகலாம்.

படி 1: எல்லாவற்றையும் நடுநிலையில் வையுங்கள்

ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் ஓடும் ஒலிச்சுற்று உள்ளது) பேஸ், மிட், டிரெபிள் எனும் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்கான குமிழ்கள் பெரும்பாலும் நடுவில் லேசாகத் தடுத்து நிற்கும். அங்கேயே விடுங்கள். பேட்டரி இல்லாத பாசிவ் பேஸில் டோன் குமிழை முழுவதும் திறந்துவிடுங்கள். ஆம்பிலும் (ஒலிபெருக்கி) எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இன்னொரு விஷயம்: ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

படி 2: ஒரே கம்பி, மூன்று இடம்

இதுதான் முக்கியமான பாடம், அவசரப்படாதீர்கள். பேஸின் நான்கு கம்பிகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி. ஏ கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தாமல் மீட்டுங்கள். முதலில் கழுத்து முடியும் இடத்தில், அப்புறம் இரண்டு பிக்கப்புகளுக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) நடுவில், கடைசியில் பிரிட்ஜுக்கு (உடல் பக்கம் கம்பிகள் முடியும் இடம்) பக்கத்தில். மூன்றுமே 55 ஹெர்ட்ஸ்தான், ஆனால் மூன்று கருவிகள் போலக் கேட்கும்.

காரணம் எளிது. கம்பி ஒரே நேரத்தில் முழு நீளத்திலும் அதிரும், பாதியாகவும் மூன்றில் ஒரு பங்காகவும் பிரிந்தும் அதிரும். கழுத்துப் பக்கம் மீட்டினால் அடிப்படை அதிர்வு ஓங்கும், ஒலி உருண்டு, கொழுகொழுவென்று வரும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக மேல் அதிர்வுகள் தூக்கலாகி ஒலி இறுகும். ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) ஃபெண்டர் ‘ஜாஸ் பேஸ்’ கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பை வைத்து, அதன் அருகிலேயே மீட்டி எடுத்த மூக்கொலி இதற்கு நல்ல உதாரணம். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் நேர் எதிர்: ஃபெண்டரின் ‘பிரெசிஷன் பேஸ்’, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் பஞ்சு, மீட்ட ஒரே ஒரு ஆள்காட்டி விரல். மோட்டவுன் பாடல்களின் அடித்தளமே அந்த விரல்தான்.

படி 3: மெதுவாக மீட்டுங்கள், ஆம்பைக் கூட்டுங்கள்

கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றுங்கள். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கம்பியை மேலே இழுக்காமல், அதைக் கடந்த விரல் பக்கத்துத் தடித்த கம்பியில் போய் அமரட்டும். ஓங்கி இழுத்தால் கம்பி ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும், தொடக்கத்தில் ‘டப்’ என்று கேட்டுவிட்டு நோட் சுருங்கிவிடும். மெதுவாக மீட்டினால் நோட் நீண்டு நிற்கும். கண்ணை மூடிக் கேட்கும்போது எந்த விரல் மீட்டியது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சமமாக வரும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். இடது கையில் ஃப்ரெட்டின் உலோகத்துக்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். அங்கே குறைந்த அழுத்தமே போதும்.

படி 4: வாசிக்காத கம்பியை அடக்குங்கள்

ஏ கம்பியை மீட்டிய விரல் ஈ கம்பியில் அமர்வதால் ஈ தானாக அடங்கிவிடும். டி கம்பிக்குப் போனால் ஈ சும்மா இருக்காது. அப்போது கட்டைவிரலை ஈ கம்பியின் மேல் மாற்றுங்கள். ஜி கம்பிக்குப் போகும்போது கட்டைவிரல் ஏ மேல் அமர்ந்து, ஈ மேலும் சாய்ந்திருக்கட்டும். மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் அடிப்பகுதி தொட்டு அடக்கும். பெரிய கலைஞர்களின் ஒலி சுத்தமாகக் கேட்க இந்த அடக்கம் ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: இனி குமிழ்கள்

ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடு அலைவரிசை சற்றுக் குழியும். தனியாக வாசிக்க அழகாக இருக்கும், குழுவோடு வாசித்தால் காணாமல் போகும். ஒரு பிக்கப்பைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், நடு ஒலி திரும்பும். பழைய வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் அப்போது லேசான இரைச்சலும் வரும். ஆக்டிவ் பேஸில் டிரம்ஸோடு ஒலி கேட்காவிட்டால் பேஸ் குமிழைத் திருகாதீர்கள், மிட்டைக் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

படி 6: ஸ்லாப்

கம்பியைக் கட்டைவிரலால் தட்டியும் விரலால் சுண்டியும் வாசிப்பதுதான் ஸ்லாப். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையைத் தொடங்கிய பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு டிரம்ஸ் இல்லாமல் வாசித்தபோது, கிக் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தட்டினார், ஸ்னேருக்குப் பதில் விரலால் கம்பியைச் சுண்டினார். கடைசி ஃப்ரெட்டின் மேல், கட்டைவிரல் மூட்டின் எலும்புப் பக்கத்தால் தட்டி உடனே விலகுங்கள். அசைவு மணிக்கட்டைத் திருப்புவதிலிருந்து வர வேண்டும். தட்டத் தொடங்கும் முன் ஆம்பின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்லாப்பில் ஒலி சட்டென்று எகிறும்.