எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வண்டியில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாந்தியன் சாலையில் இடம் தேடி மூன்று சுற்று சுற்றி, எங்கோ ஒரு சந்தில் காரைச் சொருகிவிட்டுக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு நடந்து வந்தால், கேட் பூட்டிக் கிடக்கும். அன்று வெள்ளிக்கிழமையாக இருக்கும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளி. பல ஊர் அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடுவதால், இதுவும் அப்படித்தான் என்று நினைத்து வந்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறைகளிலும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் நேரம் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. இதெல்லாம் பார்க்கிங் விஷயமா என்று கேட்கலாம். பார்க்கிங் விஷயமே இதுதான். வண்டியை எங்கே விடுவது என்பது பாந்தியன் சாலைக்கு வந்தபின் முடிவாவதில்லை. எந்த நாள், எத்தனை மணி, எதில் ஏறி வருகிறோம் என்று வீட்டிலேயே எடுக்கும் முடிவில்தான் முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது.

நேரத்தில் நடக்கும் தவறு இப்படி. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குக் கிளம்பி, பன்னிரண்டரைக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் வளாகத்தில் இருக்கும் கொஞ்ச இடமும் போயிருக்கும். வளாகம் 16 ஏக்கருக்கு மேல் விரிந்தது என்றாலும் அதில் பெரும்பகுதி கட்டடமும் மரமும்தான். அதே மதிலுக்குள் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் டூவீலர்கள் காலையிலேயே வரிசை கட்டிவிடும். மியூசியம் தியேட்டரும் உள்ளேதான். அங்கே நாடகமோ விழாவோ இருந்தால் அந்தக் கூட்டத்தின் கார்களும் சேரும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்து இரண்டு வந்து நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். செவ்வாய், புதன் போன்ற நாட்களில் கேட் திறக்கும் 9.30க்கே வந்து நில்லுங்கள். நிழலான இடம்கூடக் கிடைக்கலாம்.

திரும்பும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூடும்வரை பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால், அலுவலகம் விடும் கூட்டத்தோடு, தென் மாவட்டங்களுக்கு இரவு ரயில் ஏற வருகிறவர்களின் ஆட்டோவும் டாக்சியும் எழும்பூரை நிறைத்திருக்கும். மதியம் ஒன்றரை மணிக்குள் வெளியே வருவது போலத் திட்டமிட்டால் இந்த இரண்டு கூட்டத்திலும் சிக்காமல் தப்பலாம்.

அடுத்தது மேப். "எழும்பூர் மியூசியம்" என்று அடித்து, முதலில் வருவதை அழுத்திவிடுவது. பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் காவல் அருங்காட்சியகம் என்று இன்னொன்று இதே எழும்பூரில் இருக்கிறது. "அரசு அருங்காட்சியகம், பாந்தியன் சாலை" என்று முழுப்பெயரைத் தேடுங்கள். நடக்கும் வழியைக் காட்டும் நிலையில் மேப் இருந்தால் ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் நுழைய வைத்துவிடும். எழும்பூரில் ஒருவழிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் கார் வழியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அடித்தால் கெங்குரெட்டி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி மூடிவிடுவார்கள். அன்றைக்கு அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

இனி, பணம் போகும் தவறு: "பத்து நிமிஷம்தானே" என்று ரோட்டோரம் விடுவது. இந்தச் சாலைகளில் ஆம்புலன்ஸ் போக்குவரத்து நிற்பதே இல்லை. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகள் மருத்துவமனையும் கூப்பிடு தூரம்தான். அதனால் வழியை மறிக்கும் வண்டியைப் போலீசார் விட்டுவைக்க மாட்டார்கள். சக்கரத்தில் பூட்டுப் போடுவார்கள், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் நோ பார்க்கிங் அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய். இழுத்துப் போனால் அந்தச் செலவும், ஸ்டேஷனைத் தேடி அலையும் அரை நாளும் தனி.

பலகை இல்லாத இடமெல்லாம் நிறுத்தலாம் என்பதும் தப்புக் கணக்கு. சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிறுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறை. 50 மீட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு கார் வரிசையாக நிற்கும் தூரம். நடைபாதை, அடுத்தவர் வீட்டு கேட், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாவது வரிசை, இவையும் ஆகாது. முன்னால் நாலு கார் நிற்கிறதே என்று பின்னால் ஒட்டிக்கொள்வதும் பாதுகாப்பில்லை. அந்த நாலும் எதிரே உள்ள கடைக்காரர்களுடையதாக இருக்கும். வண்டி தூக்க வருவதற்குள் அவர்கள் எடுத்துவிடுவார்கள், நீங்களோ அமராவதிச் சிற்பங்களின் முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள்.

கடைகளும் மால்களும் வைத்திருக்கும் பார்க்கிங்கை இலவச இடமாக நினைக்காதீர்கள். துணி வாங்கும் வாடிக்கையாளருக்காக விட்ட இடத்தில் நாலு மணி நேரம் காரைப் போட்டுவிட்டு வந்தால், செக்யூரிட்டியோடு வாக்குவாதம் நிச்சயம். ரயில் நிலைய வாகன நிறுத்தத்தையும் நம்பி வர வேண்டாம். நிலைய மறுசீரமைப்புப் பணி நடப்பதால் நிறுத்துமிடமும் உள்ளே போகும் வழியும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மாநகராட்சியின் கட்டண நிறுத்தத்தில் இடம் கிடைத்தால் நல்லது. பலகையில் உள்ள கட்டணத்தைப் படித்துவிட்டு, மணிக்கணக்கா மொத்தமா என்று கேட்டு, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு நகருங்கள். ரசீது தராமல் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் உங்கள் வண்டிக்குப் பொறுப்பில்லை. எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். 46 காட்சிக்கூடங்கள், ஆறு கட்டடங்கள். வெண்கலச் சிலைகளை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே ஒரு மணி நேரம் போகும். குழந்தைகள் டைனோசர் சிலையைப் பார்த்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு நகர மாட்டார்கள். மொத்தம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெருக்கமான நிறுத்தங்களில் "ஹேண்ட்பிரேக் போடாம நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார்" என்பார்கள். பின்னால் நிற்கும் வண்டியை எடுக்க உங்கள் காரைத் தள்ள வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். தரை சமமாக இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கியரை 'பார்க்'கில் (P) போட்டு நிறுத்திய காரைத் தள்ளினால் கியர்பாக்ஸுக்குக் கேடு, எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில் இன்ஜினை அணைத்ததுமே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட காரை யாரையும் மறிக்காத ஓரத்தில்தான் விட முடியும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது தீர்வே இல்லை.

டூவீலர்காரர்களுக்கு இரண்டு விஷயம். வெயில் காலத்தில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்டு மெல்ல இறங்கி, வண்டி சாய்ந்து, பக்கத்து வண்டியையும் சேர்த்து வரிசையே விழும். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அது இல்லாத வண்டி என்றால் ஸ்டாண்டின் காலடியில் தட்டையான ஓட்டுத் துண்டோ கல்லோ வையுங்கள். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனால் திரும்பும்போது கண்ணாடி மட்டும்தான் இருக்கும்.

நாங்கள் சொல்வது: வீட்டில் முதியவரோ நடக்க முடியாதவரோ இல்லையென்றால், எழும்பூருக்குக் காரையே கொண்டுவராதீர்கள். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் எழும்பூர் நிலையம் இருக்கிறது. பரங்கிமலை, ஆலந்தூர், அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், அண்ணா நகர் பக்கம் இருப்பவர்கள் வண்டியை அங்குள்ள மெட்ரோ நிலையத்தில் விட்டு நேரே வந்து இறங்கலாம். திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் சென்ட்ரலில் மாற வேண்டும், அடுத்த நிலையமே எழும்பூர்தான். தாம்பரம் தடத்துக்காரர்களுக்குப் புறநகர் மின்ரயில் இருக்கிறது. இறங்கி நடந்தால் கால் மணி நேரம், வெயில் தாங்காது என்றால் ஒரு ஆட்டோ. மெட்ரோ நிலைய நிறுத்தமும் விடுமுறை நாளில் நிரம்பும் என்பதால் அங்கும் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. இடம் தேடும்வரை அவர்களையும் காரிலேயே வைத்துச் சுற்றுவார்கள், பிறகு தூரத்திலிருந்து நடக்க வைப்பார்கள். முதலில் கேட்டில் காவலரிடம் உள்ளே இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், கூட ஒருவரை இறக்கி, பெரியவர்களையும் இறக்கி, டிக்கெட் எடுத்து உள்ளே நிழலில் உட்காரச் சொல்லுங்கள். ஓட்டுபவர் மட்டும் தனியாகப் போய் இடம் தேடட்டும். நிறுத்திய இடத்தைப் பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, கேட்டில் இறங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நடக்கட்டும்.